ரெண்டு சீட்டுக்கு ஒரு துண்டு

விழுப்புரம் தனி மாவட்டமான தொண்ணூத்தி மூணுல எனக்கும் என் சிநேகிதனுக்கும் அங்க வேற வேற ஆபீஸ்ல கிளார்க் வேல கெடச்சுது. ரெண்டு பேரும் திண்டிவனம். ஒரே தெரு, ஒரே சர்ச்சு, பாட்டுக்காரங்க பெஞ்சுல பக்கத்துப் பக்கத்து எடம்.

காலைல பாசஞ்சர் ரயிலு உள்ள வர்றப்பவே ஜன்னல் வழியா துண்டத் தூக்கி சீட்டு மேல போட்டுடணும். துண்டு கெடந்தா எடம் நம்முது. யாரு முன்னாடி வர்றோமோ அவன் ரெண்டு பேருக்கும் சேத்துப் போடுவான். யாராவது கேட்டா, ஆள் வருதுன்னு சொல்லிட்டா போதும். மயிலம் தாண்டறதுக்குள்ள அவன் என் தோள்ல சாஞ்சி தூங்கிடுவான். எனக்குக் கல்யாணம் கூடி வரல. என் தோளுக்குக் கெடச்ச மரியாத அவ்ளோதான்.

சில வருஷம் கழிச்சி அவன் சம்சாரத்துக்கு விடாத காய்ச்சல். பைபாஸ் ஓரமா புதுசா வந்த ஜெபவீட்டுக்காரங்க தேடி வந்து ஜெபம் பண்ணாங்க, காய்ச்சல் வுட்டுச்சி. கூடவே மாத்திரையும் போட்டுக்கினு இருந்தாங்களேன்னு நான் வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம கேட்டுட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமைலேர்ந்து அவன் பைபாஸு. அதோட ரயிலும் போச்சு, பஸ்ஸுதான் சௌகரியம்னுட்டான்.

எங்க சர்ச்சுல பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கிறது நான்தான். நான் பாடறதக் கேட்ட ஆயர், நீங்க வாசிங்க போதும்னு சொல்லிக் குடுத்த வேல அது. சிநேகிதன் போனப்பறம் எனக்கு அதுல வர்ற எபிரேய தீர்க்கதரிசிங்கள ரொம்பப் புடிச்சிப்போச்சு. திட்டறதுல கொழாயடி சண்டயெல்லாம் அவங்ககிட்ட தோத்துடும். சாமிய வுட்டுட்டு வேற சாமி பின்னால போன ஜனத்த, புருஷன வுட்டு ஓடிப்போன பொம்பளன்னு சொல்லிக் கிழிப்பாங்க. ஒரு தீர்க்கதரிசிக்கு வீட்லயே அது நடந்துச்சி. சம்சாரம் வேற ஆளு பின்னால போயிட்டாங்க. சாமி என்னா சொன்னாரு? போயி கூட்டிக்கினு வான்னாரு. அந்தப் பாதி வந்தா நான் கடகடன்னு வாசிச்சித் தள்ளிடுவேன். திட்டற பாதிதான் நமக்கு முக்கியம். காலியா கெடந்த அவன் எடத்தப் பாத்துக்கினு, நிறுத்தி நிறுத்தி, இடி மாதிரி வாசிப்பேன்.

முன் வரிசைல ஒக்கார்ற டீச்சரம்மா ஆயர்கிட்ட போயி, ஒழுங்கா வந்தவங்களப் போயி இவரு திட்றாரே, வராதவன் வீட்டு வாசல்ல நின்னு வாசிக்கச் சொல்லுங்கன்னு புகார் பண்ணாங்க.

ரயில்ல மட்டும் கை பழக்கத்துல துண்டு ரெண்டு சீட்டுக்கும் சேத்து அகலமாதான் வுழுந்துக்கினு இருந்துச்சி. வருஷக்கணக்கா அப்படித்தான். கேக்கறவங்களுக்கெல்லாம் ஆள் வருது. ஆள் எங்க வந்துச்சி? ஜன்னலோரம் காத்து மட்டும் வந்துச்சி.

முண்டியம்பாக்கத்துல பெரியாஸ்பத்திரி வந்தப்பறம் அங்க டூட்டிக்குப் போற நர்ஸம்மா ஒருத்தவங்க எங்க பொட்டியில ஏறுவாங்க. ஒருநாள் கம்பியப் புடிச்சிக்கினு நின்னவங்க, யாருக்குங்கண்ணா தெனமும் துண்டுன்னு கேட்டாங்க. அதான் சாக்குன்னு ஆரம்பிச்சேன். கூட இருந்தவன் எப்படி வுட்டுட்டுப் போனான், எவ்ளோ நன்றி கெட்டவன், விக்கிரவாண்டி வரைக்கும் நிறுத்தல. அவங்க பொறுமையா கேட்டுட்டு சொன்னாங்க:

"இவ்ளோ திட்றீங்களேண்ணா, அந்த சீட்ட மட்டும் எனக்குக் குடுக்க மாட்டேன்றீங்க."

பக்கத்துல மல்லாட்டை உரிச்சி கடலையத் தின்னுக்கினு இருந்தவரு சிரிச்சிட்டாரு. நான் எழுந்து அவங்கள ஒக்கார சொன்னேன். என் சீட்டுலதான். அவன் சீட்ட அப்பவும் குடுக்கல.

அவங்க முண்டியம்பாக்கத்துல எறங்குனப்பறமும், விழுப்புரம் வர்ற வரைக்கும் நின்னுக்கினே யோசிச்சேன். வேணாம்னு வுட்டவன் எதுக்குத் திட்டப் போறான்? பேரக்கூட மறந்துடுவான். அந்தத் தீர்க்கதரிசிங்க பக்கம் பக்கமா கத்துனதெல்லாம் துண்டு போட்டு வெச்சிருக்கவன் கத்துற கத்து. வா, எடம் இருக்குதுன்றதத்தான் அவ்ளோ கோவமா சொல்லிக்கினு இருந்திருக்காங்க. நான் பாதிய மட்டும் வாசிச்சிக்கினு இருந்திருக்கேன்.

அந்த ஞாயித்துக்கிழம எங்க சர்ச்சுக்கு லீவு போட்டுட்டு பைபாஸுக்குப் போனேன். கடைசி பிளாஸ்டிக் சேர்ல ஒளிஞ்சிக்கினேன். புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்கன்னு மைக்ல சொன்னாங்க. நான் எழுந்துக்கல. பக்கத்துல இருந்தவரு அன்பா கைய புடிச்சித் தூக்கி வுட்டுட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க, டிரம்ஸ் வேற. முன்னாடி ஒக்காந்திருந்த என் சிநேகிதன் திரும்பிப் பாத்தான். முடியெல்லாம் நரைச்சிருந்துச்சி.

முடிஞ்சதும் வெளிய வந்தான்.

"நீயும் இங்க வந்துட்டியாடா?"

"ஒன்னப் பாக்கதான் வந்தேன். ரயில்ல எடம் சும்மாதான் கெடக்குது."

"இன்னுமா துண்டு போட்ற, பைத்தியக்காரா?"

அதுக்குள்ள அவன் சம்சாரம் கூப்ட்டாங்க, போயிட்டான்.

நான் கட்சி மாறிட்டேன்னு மறுநாளே ஆயர் காதுக்குப் போயிடுச்சி. நீங்களுமான்னு கேட்டாரு. இத்தன வருஷம் அடுத்தவனுக்கு வாசிச்ச பாடம், இப்ப எனக்கே அளவெடுத்துத் தச்ச மாதிரி ஆயிடுச்சி.

அந்த வாரம் பூரா துண்டு போட்டேன். யாரும் வரல. அடுத்த வாரத்துல ஒருநாள், ஸ்டேஷனுக்கே லேட்டு. ஓடிப்போய் கடைசி நேரத்துல ஏறுனா, எங்க சீட்டுங்க மேல வேற ஒரு துண்டு. அத ஒட்டி நின்னுக்கினு ஒரு நரைச்ச தல யார்கிட்டயோ சொல்லிக்கினு இருந்துச்சி.

"ஆள் வருது சார்."

மயிலம் தாண்டறதுக்குள்ள தூங்கிட்டான்.

ஞாயித்துக்கிழம மட்டும் அவன் இன்னும் பைபாஸ்தான். பாட்டுக்காரங்க பெஞ்சுல அந்த எடம் அப்படியேதான் கெடக்குது. அங்க துண்டு போட்டா ஆயர் சும்மா வுட மாட்டாரு. பாடம் வாசிக்கிறப்ப அந்தப் பக்கம் பாத்துக்கினுதான் வாசிக்கிறேன். கொரலதான் கொறச்சிக்கினேன். டீச்சரம்மா இப்ப, ஒண்ணுமே காதுல வுழலன்னு புகார் பண்றாங்க.