அப்பாக்களின் பட்டியல்

தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் ஒழுங்காகத் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது என்று கல்லூரி ஓய்வறையில் எல்லோரும் அவளைக் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. அன்றைக்கு அதுகூட அவளிடம் இல்லை.

அவள் தற்காலிக விரிவுரையாளர். காலையில் வகுப்பு, மாலையில் விடைத்தாள், நடுவில் வீடு. இந்த மூன்றுக்கும் இடையில் கிழிந்து விழுந்த நேரத்தையெல்லாம் ஒட்டுப்போட்டுத்தான் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்திருந்தாள். கெடுவை ஏற்கெனவே நீட்டித்தாயிற்று, இனி நீட்டிக்க மாட்டார்கள். மிச்சமிருந்தது துணைநூற்பட்டியல் ஒன்றுதான். இன்று அலுவலகம் மூடுவதற்குள் அதை நெறியாளருக்கு அனுப்பாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

கையால் தட்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும் என்று நூலகர் அக்காதான் ஒரு மென்பொருளை நிறுவிக் கொடுத்தார். ஆய்வேட்டின் ஃபைலைக் கொடுத்தால் போதும். அதில் சொல்லியிருக்கும் கட்டுரைகளை அதுவே இணையத்தில் தேடிப் பிடித்து, ஆசிரியர், ஆண்டு, தலைப்பு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வரிசைப்படுத்திவிடும். சொன்னபடியே செய்தது. தேநீர் ஆறுவதற்குள் பட்டியல் தயார். நூலகத்தின் மூலை மேஜையில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

"யாருடி இவங்கல்லாம்? ஒருத்தரையும் தெரியலையே" என்றார் அக்கா, திரையைப் பார்த்தபடி.

அவளுக்கும் தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கின்றன. நம்மவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மென்பொருள் கருவியோ கடைசியில் நிற்கும் சொல்தான் குடும்பப் பெயர் என்று நினைத்து அதை முன்னால் கொண்டுவந்து, எழுதியவர் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டது.

"நல்லா இருக்கே கூத்து. எழுதினவங்க வாசல்ல நிக்கிறாங்க, அவங்க அப்பாமாருங்க உள்ள வந்து சட்டமா உக்காந்துட்டாங்க."

ஒவ்வொன்றாக மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மகனை முன்னால் கொண்டுவந்து, அப்பாவைப் பின்னால் அனுப்பி, அடுத்த வரி. மகளை முன்னால் கொண்டுவந்து, அடுத்த வரி. மணிக்கட்டு கடுத்தது. எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. அப்படியே வந்தவள் தன்னுடைய வரியில் போய் முட்டிக்கொண்டாள்.

பட்டம் வாங்க அவள் பெயரில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்திருக்க வேண்டும். வெளிவந்தும் இருந்தன. ஆனால் முதல் கட்டுரை கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. அது அப்பா பெயரில் நின்றது. இரண்டாவது, கணவர் பெயரில். கருவியின் கணக்கில் அவள் இரண்டு பெண்கள்.

அக்கா பல்கலைக்கழக விதியைப் படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு கட்டுரையும் ஒரே பெயரில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒன்று கணக்கில் சேராது. முனைவர் பட்டப் பதிவு கணவர் பெயரோடு இருப்பதால், பட்டியலில் பழையதையும் அப்படியே மாற்றிவிடுவதுதான் சுலபம் என்றார்.

சுலபம்தான். ஆனால் அந்தப் பழைய கட்டுரை பஸ் கண்டக்டர்களின் தூக்கத்தைப் பற்றியது. அவள் அப்பா ஒரு கண்டக்டர். கேள்வித்தாள்களைத் தோள்பையில் வைத்துக்கொண்டு, டிப்போவில் தன்னோடு வேலை செய்கிறவர்களின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி நிரப்பி வாங்கி வந்தவர். அச்சாகி வந்தபோது பார்க்க அவர் இல்லை. அவர் பெயரை அவள் கையாலேயே அழிப்பதா? சரி, கணவர் பெயரை எடுத்துவிடலாம் என்றால், அந்த மனிதரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் கணவருக்கே போன் போட்டாள். அவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"உங்கப்பா பேரையே வையேன்" என்றார் அவர்.

"உங்களுக்கு வருத்தமில்லையா?"

"எனக்கென்ன வருத்தம்? என் பேரைப் போடச் சொல்லி நான் எப்பம்மா கேட்டேன்?"

கேட்கவில்லைதான். ஆய்வுக்குப் பதிவு செய்யப் போன அன்று அவர் வெளியே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்ட குமாஸ்தா, எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்காமலே அதை எழுதிக்கொண்டார். அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். அப்பாவை விட்டுக்கொடுத்து இவருக்குச் செய்த பெரிய தியாகம் என்று இத்தனை காலமும் அதை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தாள். சின்னச் சின்னச் சண்டைகளில் வாய்வரை வந்ததை விழுங்கியும் இருக்கிறாள். தியாகத்தை வாங்கிக்கொண்டவருக்கு வாங்கியதே தெரியாது.

போனை வைத்தவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தார்.

அழுது முடித்ததும் அவள் இரண்டு வரிகளிலும் இருந்த ஆண்களின் பெயர்களை அழித்தாள். குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயரை முழுசாகத் தட்டினாள். அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டாள். கருவி மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. இரண்டு கட்டுரைகளும் ஒரே பெயருக்குக் கீழே வந்து நின்றன.

"ஆபீஸ்ல இதை ஒத்துக்குவாங்களாடி?"

"தெரியலக்கா. இன்னொரு தடவை மாறுறதுக்கு எனக்குத் தெம்பில்ல."

அனுப்பிவிட்டாள். சற்று நேரத்தில் நெறியாளரே கூப்பிட்டார். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று பெயரெடுத்தவர்.

"என்னம்மா, அப்பா பேரும் இல்ல, வீட்டுக்காரர் பேரும் இல்ல. உங்க பேர் மட்டும் இருக்கு?"

"ரெண்டையும் எழுதினது நான்தான் சார்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும்மா. ஆபீசுக்குத் தெரியணுமே. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். பட்டியல் இப்படியே போகட்டும்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் வைத்துவிட்டார். அக்கா மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்து அவள் மேஜையருகில் நின்றார்.

"கை குடுங்கக்கா" என்றாள் அவள். "எந்திரிக்க முடியல."