முருகன் படம் இருக்க வேண்டிய இடம்

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு மேல்மாடிதான் வீடு. வெயில் இறங்காமலிருக்கக் கூரைத் தளத்தின் உட்புறம், தெளித்ததும் உப்பி இறுகும் ஃபோம் அடிக்க, சேகர் என்ற கான்டிராக்டரை அழைத்தேன். மழைநீர் கசிந்து மூலையில் பூஞ்சை பிடித்திருந்ததைக் காட்டினேன்.

“அதெல்லாம் ஃபோமுக்குள்ள அமுங்கிரும், பேசாம இருங்கக்கா” என்றான்.

அமுங்கவில்லை. ஐப்பசி மழையில் ஃபோமின் ஓரமெல்லாம் கருத்து வீடே நாறியது. என் கணவருக்கு மூச்சிழுப்பு வந்து, உட்கார்ந்தபடியே தூங்கினார். சேகரைக் கேட்டால், “சமையல் ஆவிதான். சன்னலத் தெறந்து வைங்க” என்று சிரித்தான்.

அதே வாயால், தன் கடைப் பெயர் போட்டு முருகன் காலண்டர் அடிக்க ஆர்டரும் கொடுத்தான்.

ஃபோமைக் கத்தியால் கிழித்து, உள்ளே மண்டிக்கிடந்த பூஞ்சையைப் படமெடுத்தேன். முருகன் இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போட்டு, கீழே அவன் கடைப் பெயரோடு ஒரே ஒரு காலண்டர் அடித்தேன். அச்சகத்துக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டினேன்.

சாம்பிள் பார்க்க வந்தவனுக்கு முகம் வெளிறிவிட்டது. “யக்கா, கழட்டிருங்கக்கா! நாலு பேரு வந்து போற எடம்.”

அதுவரை அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். “மொதல்ல மாடியில நீ அடிச்சதக் கழட்டுலே” என்றேன்.

முழுதும் உரித்தான். கசிவை அடைத்து, பூஞ்சையைச் சுரண்டி, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி அடித்தான். கணவர் இப்போது படுத்துத் தூங்குகிறார். அவன் ஆர்டரையும் முருகன் படத்தோடு ஒழுங்காகவே அடித்துக் கொடுத்தேன்.

மன்னித்தால் மனம் லேசாகும் என்கிறார்கள். இருக்கலாம். வருடம் முடிந்து கடைசித் தேதியையும் கிழித்தாயிற்று. அந்த அட்டையை மட்டும் நான் இன்னும் கழற்றவில்லை.