சைக்கிள் ஏறுமுன் பத்து நிமிடம்

சங்க விதி நான்கு, பிரிவு இரண்டு: ‘ஒவ்வொரு உறுப்பினரும் சைக்கிளில் ஏறுவதற்கு முன் குறைந்தது பத்து நிமிடம் உடலைச் சூடேற்ற வேண்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் ஆகிய எல்லா மூட்டுகளும் இயங்கியிருக்க வேண்டும்.’ மூன்றாவதாக ஒரு வாக்கியமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். தென் ஜெர்மனியில் நான் முப்பத்து நான்கு ஆண்டுகளாக வாழும் சிறு நகரத்தின் மூத்தோர் சைக்கிள் சங்கத்தில் இந்த விதியை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. வியாழன்தோறும் காலையில் நகர மண்டபத்தின் முன்னால், எழுபதைக் கடந்த பதினான்கு பேர் கையை வீசிக் காலைச் சுழற்றிக்கொண்டிருப்போம். பேருந்துக்கு நிற்பவர்கள் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். அதே விதியை ராஜபாளையத்தில், என் மச்சினன் சங்கரலிங்கத்தின் வீட்டு வாசலில், மார்கழி முதல் தேதி காலை ஐந்தேகாலுக்கு நான் நிறைவேற்றத் தொடங்கியபோது இரண்டாவது நிமிடத்திலேயே உதவிக்கு ஆள் வந்துவிட்டது.

இரண்டு கைகளையும் காம்பவுண்டுச் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்துவது கெண்டைக்காலுக்கான பயிற்சி. எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் மாவுக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். “அண்ணே, கிறுகிறுன்னு வருதா? செத்த நேரம் அப்படியே உக்காருங்க.” சங்கரலிங்கத்தின் மனைவி செல்லத்தாய் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “ஒண்ணுமில்லக்கா. எங்க அண்ணன் சுவரத் தள்ளிப் பாக்காவ. ஜெர்மனியில தெனமும் தள்ளுவாவளாம்.” எதிர்வீட்டு அம்மாள் சுவரை ஒரு முறை, என்னை ஒரு முறை பார்த்தார். “நம்ம ஊரு சுவரு. பாத்துத் தள்ளச் சொல்லு” என்றுவிட்டு, விட்ட புள்ளியிலிருந்து கோலத்தைத் தொடர்ந்தார்.

நான் சுவரைத் தள்ளியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் சங்கத்தில் பத்து வாரம் தொடர்ந்து வராதவரின் இடம், காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். நான் ஊருக்குப் புறப்பட்டது நவம்பர் முதல் வாரம். திரும்புவது பிப்ரவரியில். இடையிலே தை பிறக்கும்போது என் பத்து வாரம் முடிந்துவிடும். அந்த இடம் எனக்கு முக்கியம். அந்த நாட்டில் என் அலுவலகம் ஓய்வு கொடுத்துவிட்டது. பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நீ உண்மையில் எந்த ஊர் என்று கேட்காமல், ‘ஏன் போன வாரம் வரவில்லை’ என்று மட்டும் என்னைக் கேட்கிறவர்கள் அந்தப் பதின்மூன்று பேர்தான். விதியிலேயே ஒரு வழியும் இருந்தது. வெளியூரில் வேறொரு குழுவோடு ஓட்டினாலும் வருகையாகக் கருதலாம். ஆனால் அந்தக் குழு முறையாக உடலைச் சூடேற்றிவிட்டே புறப்படுகிறது என்று அதன் பொறுப்பாளர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், செயற்குழுவும் ஏற்க வேண்டும்.

குழுவுக்குப் பஞ்சமில்லை. மில்லில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற சங்கரலிங்கமும், பக்கத்து வீட்டு ராமராஜாவும், தெருக்காரர் இருவரும் மார்கழி முப்பது நாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குச் சைக்கிளில் போய்வருகிறார்கள். தை பிறந்தால் சைக்கிளைத் துடைத்து ஓரம் கட்டிவிடுவார்கள். மார்கழி பிறப்பதற்கு முந்தின நாளே அவர்களிடம் விதி நான்கை விளக்கினேன். சங்கரலிங்கம் மப்ளரைச் சுற்றிக்கொண்டே கேட்டான்: “அத்தான், வில்லிபுத்தூருக்குத்தான போறோம். அதுக்கு எதுக்கு இம்புட்டு ஏற்பாடு?” வீட்டில் தெலுங்கு பேசுகிற ராமராஜா, சங்கரலிங்கத்தின் உறவைத் தன் உறவாக எடுத்துக்கொண்டு என்னைப் பாவா என்பார். “பாவா, ஒடம்பு என்ன பழைய லாரியா? ஏறி மிதிச்சா தானா சூடாகிட்டுப் போகுது.”

நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். ஜெர்மனி போன முதல் ஜனவரியில், உறைபனியில் சைக்கிளை மிதித்து அலுவலகம் சேர்ந்தேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு சக ஊழியர் “சூடேற்றிக்கொண்டீர்களா?” என்று கேட்டார். காலைக் காப்பியைப் பற்றி இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய், “இரண்டு முறை, பால் சேர்த்து” என்றேன். அவர் யோசனையோடு தலையசைத்தார். என் நாட்டில் முழங்காலுக்குப் பால் தடவுவார்கள் என்று சில காலம் நம்பியிருந்தாராம். அதற்கு இரண்டு வாரம் கழித்துத் தொடைச் சதை பிடித்து நான் படுத்தபோதுதான் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கியது. அவர்கள் மொழியில் அதற்கு ‘ஆவ்ஃப்வெர்மன்’ என்று பெயர். நான் அந்நாட்டில் நிரந்தரமாகக் கற்றுக்கொண்ட முதல் சொல்.

ஆகவே மார்கழி முதல் தேதி நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் சைக்கிளில் ஏறி, பெரிய ரோட்டைச் சுற்றி, அவர்கள் கூடுகிற தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு மூன்றே நிமிடத்தில் போய்விட்டேன். அவர்கள் வரவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. சைக்கிளைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றேன். தெரு நெடுக, வாசலுக்கு வாசல், கோலம். மார்கழியில் கோலத்தின் மேல் சக்கரம் ஏற்றுகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. நால்வரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கோலத்துக்குக் கோலம் வளைந்து, ஒரு காலை எட்டி வைத்து மறுகாலைத் தூக்கி, தோளால் வண்டியை நிமிர்த்தி நடந்து வந்தார்கள். அந்தத் தெருவைக் கடக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு பிள்ளையாரை மூன்று சுற்று. பிறகு தலையில் குட்டிக்கொண்டு பன்னிரண்டு தோப்புக்கரணம். “நீங்களும் போடுங்கத்தான்” என்றான் சங்கரலிங்கம். எனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். பக்தியையும் பயிற்சியையும் ஒரே படிவத்தில் கலக்கிறவன் அல்ல நான்.

மதுரை சாலையில் பாதி தூரம் போனதும் என் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. இறங்கவும் முடியவில்லை, நால்வருமாகப் பிடித்து இறக்கினார்கள். சங்கரலிங்கம் ரோட்டோரம் உட்கார்ந்து என் கால் கட்டைவிரலைப் பற்றி இழுத்தான். ராமராஜா மட்டும் நின்றபடி என்னைப் பார்த்தார். “ஏமி பாவா, சுவரு திருப்பித் தள்ளிருச்சா?” கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு போன லோடு ஆட்டோவில் என்னையும் சைக்கிளையும் ஏற்றினார்கள். அன்றைக்கு ஆண்டாளை முதலில் சேவித்தவன் நான்தான். மிதித்து வந்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

இப்போது அந்த மூன்றாவது வாக்கியம். ‘உடல் சூடான பின் ஐந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் நிற்கக் கூடாது, நின்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.’ இந்த வாக்கியம் விதியில் முதலில் இல்லை. பொதுக்குழுவில் எழுந்து இதை முன்மொழிந்து சேர்த்தவன் நான். தொழிற்சாலை அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் நடைமுறைக் குறிப்புகள் எழுதியவன் வேறு என்ன செய்வான்? அந்தப் பிள்ளையார் முன்னால் நான் அசையாமல் நின்றது ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். இதுவரை விதி நான்கை வாசித்தும் இராத நால்வர், கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் எதையும் விடாமல் இயக்கி, தோப்புக்கரணம் முடிந்த மறு நிமிடமே சைக்கிளில் ஏறினார்கள். தணிக்கைக்கு வந்திருந்தால் நான் அவர்களுக்குத்தான் சான்றிதழ் கொடுத்திருப்பேன்.

கால் தேற நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் கோலங்களுக்கு நடுவே நானும் சைக்கிளைத் தள்ளினேன். படிவத்தில் உண்மையைத் தவிர எதையும் எழுதவில்லை. சூடேற்றும் முறை: தரை ஓவியங்களைத் தவிர்த்துச் சைக்கிளோடு நடத்தல், மூன்று சுற்று, இரு காதுகளையும் குறுக்காகப் பிடித்துப் பன்னிரண்டு முறை அமர்ந்து எழுந்திருத்தல். பொறுப்பாளர் என்ற இடத்தில் சங்கரலிங்கம் தமிழில் கையெழுத்திட்டான். “அத்தான், பிள்ளையாருக்கு ஒரு கையெழுத்துக் கட்டம் இல்லையா? அவருதான எல்லாத்தையும் எண்ணுதாரு” என்றான். செயலாளர் கிளௌஸுக்குப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து நினைவூட்டல். அதற்கும் ஒரு வாரம் கழித்து, விதி எண்ணைச் சுட்டி இரண்டாம் நினைவூட்டல். பதில் இல்லை. மார்கழி கடைசி நாளும் போய்வந்தோம். மாலையில் ஐந்து சைக்கிள்களையும் துடைத்து ஓரம் கட்டினார்கள்.

மறுநாள் பொங்கல். கால் பழக்கத்தில் ஐந்தரைக்கே தெருமுனைக்குப் போய்விட்டது. சைக்கிள் இல்லை, நான் மட்டும். ஏழாவது தோப்புக்கரணத்தில் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. கிளௌஸ் எழுதியிருந்தார்: ‘செயற்குழு நேற்று கூடியது. முறை ஏற்கப்படுகிறது. ஏற்பு இக்கடிதத் தேதியிலிருந்து செல்லும். வலது கை எந்தக் காதைப் பிடிக்க வேண்டும், எந்தக் கை வெளிப்புறம் என்பதைத் தெளிவுபடுத்தவும். கூட்டத்தில் செய்துபார்த்தோம்; பொருளாளருக்கு எழுந்திருக்க உதவி தேவைப்பட்டது. உங்களை எல்லோரும் தேடுகிறார்கள்.’

அங்கே நள்ளிரவுக்குச் சற்று முன் எழுதியிருக்க வேண்டும்; கடிதத் தேதி ஜனவரி பதினான்கு. மார்கழியின் கடைசி நாள். தேதி என்றால் அந்த நாள் முழுவதும் அதில் அடக்கம். ஆகவே அன்று காலை நாங்கள் போய்வந்த கடைசிப் பயணம் செல்லும். மற்ற எதுவும் செல்லாது. ஒரு பயணம் போதும், என் இடம் நிற்கிறது. இடது கை வலது காதிலேயே இருக்க, வலது கையில் கிளௌஸின் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, மீதி ஐந்தைப் போடுவதா பதில் எழுதுவதா என்று பாதி உட்கார்ந்த நிலையில் பிள்ளையாரைப் பார்த்தேன். பதில் வந்து சேர்ந்த தேதி, தை ஒன்று.