வளைகாப்புக்குப் போன சங்கம்

எங்கள் சங்கத்துக்கு பிரிக்பீல்ட்ஸில் நல்ல பெயர் இருந்தது. ஆனாலும் எங்களை ஒருவரும் வீட்டுக்கு வா என்று அழைத்ததில்லை. நாங்கள் கூட்டமாக ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டில் சாவு என்று பொருள். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அது முப்பதுகளின் தொடக்கம். கப்பலில் ஒண்டியாக வந்து, தோட்டத்திலும் தண்டவாளத்திலும் உழைத்து, ஒண்டியாகவே ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய தமிழர்கள் அப்போது நிறைய. கேட்க நாதியில்லாத அந்த உடல்களை வாங்கி, முறைப்படி காரியம் செய்து அனுப்பிவைக்கத்தான் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்தோம். ஒன்பது பேர் ரயில்வே கிராணிகள்; ஆபீஸில் பேனா பிடிக்கிறவர்களை மலாயாவில் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற இருவர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். பதினொரு பேரில் ஒருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க யாரும் முன்வராததற்கு எங்கள் தொண்டும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். செத்தவருக்குச் சொந்தம் என்று யாராவது நிற்கவேண்டும் அல்லவா? அதற்கு ஒரு பட்டியல் எழுதி, முறை போட்டுக்கொண்டோம். இந்தத் தடவை மகன் நீ, அடுத்த தடவை நான். அப்படி நான்கு பேருக்கு நான் மகனாக நின்று கொள்ளி வைத்திருக்கிறேன். நால்வரில் ஒருவரையும் உயிரோடு பார்த்ததில்லை. முதல் தடவை வெறும் கடமையாகத்தான் போனேன். திரும்பும்போது, ஏனென்று தெரியவில்லை, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். ஊரில் என் அப்பா கல்லுப்பிள்ளையார் போல நன்றாக இருந்தார். அவருக்கு இதைப் பற்றி மட்டும் நான் கடிதம் எழுதவே இல்லை.

சாவு இல்லாத நாட்களில் நாங்கள் கலகலப்பான ஆட்கள். ஒரு மளிகைக் கடையின் மாடியில் வாடகைக்கு எடுத்த அறைதான் சங்கம். ஞாயிறுதோறும் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தமிழ் நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருப்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்போம். தைப்பூசத்துக்கு பத்துமலையில் மோர்ப்பந்தல் போடுவோம். மற்ற நேரமெல்லாம் சண்டைதான். தேநீருக்கு யார் சர்க்கரையை அள்ளிப் போட்டது என்று ஒருமுறை இரண்டு பேர் மூன்று வாரம் பேசாமல் இருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

எங்கள் செயலாளர் ரயில் நேர அட்டவணை போடும் ஆபீஸில் இருந்தார். உத்தமமான மனிதர். ஆனால் அட்டவணை இல்லாமல் அவருக்கு ஒரு காரியமும் ஓடாது. சவ ஊர்வலத்துக்குக்கூட "புறப்பாடு 3.40" என்று டைப் அடித்துக்கொண்டு வருவார். அவரைக் கண்டால் எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். இப்போது நினைத்தால் சிரிப்பு மட்டும்தான் வருகிறது.

ஒரு ஞாயிறு காலையில், ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் தொழிலாளி ஒருவர் மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. சாவுச் செய்தி என்று நினைத்துச் செயலாளர் பென்சிலை எடுத்துவிட்டார்.

"கிராணி ஐயா, ஆளில்லாத சாவுக்கெல்லாம் நீங்கதான் சொந்தமா நிக்கிறீங்க" என்றார் வந்தவர். "என் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். அவளுக்கும் ஆளில்ல. ஒரு நல்ல காரியத்துக்கு வந்து நிக்க மாட்டீங்களா?"

விஷயம் இதுதான். அந்தப் பெண் ரவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அவளைப் பெற்றபோதே தாய் போய்விட்டாள். தகப்பனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. வளர்த்த அத்தை கப்பலேறி ஊருக்குத் திரும்பிவிட்டாள். இப்போது அவர்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பெண்கள், வளைகாப்புக்கு உன் அம்மா வீட்டிலிருந்து யார் சீர் கொண்டுவருகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

"அம்மா வீடு இல்லாதவளுக்குப் பிரசவம் கண்டம்னு எவளோ சொல்லிட்டாய்யா. எங்கம்மா மாதிரி நானும் போயிருவேன்னு சொல்லிக்கிட்டு சோறு திங்க மாட்டேங்குறா. நான் பாதி நாளு வண்டியில போயிருறேன். அவ ஒண்டியா உக்காந்து அழுவுறா."

நான்தான் முதலில் எழுந்து எதிர்த்தேன். "பாடை தூக்கின கையால வளையல் போடப் போறோமா? பொம்பளைங்க நம்மளத் தொரத்தி அடிப்பாங்க. இது சங்கம்யா, சீர் தூக்குற கூட்டம் இல்ல" என்று கத்தினேன். கத்தியது நியாயம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அப்போது எங்களில் ஒரே கிறிஸ்தவரான நண்பர் வாயைத் திறந்தார். "எனக்கு அஞ்சு அக்கா. எங்க சனத்துலயும் இதைச் செய்வாங்க. அஞ்சு பேருக்கும் கூட நின்னு பாத்திருக்கேன். என்ன வாங்கணும், என்ன ஆக்கணும் எல்லாம் எனக்கு அத்துபடி. நான் பாத்துக்கறேன்."

ஓட்டெடுப்பில் பத்துக்கு ஒன்று என்று நான் தோற்றேன். தோற்றதுகூடப் பரவாயில்லை. செயலாளர் முறைப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். அடுத்த பெயர் என்னுடையது.

"அப்ப இந்தத் தடவை பொண்ணுக்கு அண்ணன் நீங்கதான்" என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் வீடு பட்ட பாடு சொல்லி முடியாது. எங்களில் ஐந்து பேர் சேர்ந்து குடியிருந்த இரண்டு அறை வீட்டில்தான் சமையல். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து வகை. புளிச்சோற்றில் உப்பு போட்டது யார் என்பதில் குழப்பமாகி மூன்று பேர் போட்டுவிட்டார்கள். அதை மறுபடி வடிக்கவேண்டியிருந்தது. வளையலின் அளவு தெரியாமல் கடையில் விழித்துவிட்டு, மூன்று அளவிலும் வாங்கி வந்தோம். செயலாளர் வழக்கம்போல டைப் அடித்துவிட்டார்: "9.15 சந்தனம். 9.25 வளையல். 10.00 உணவு. 11.30 புறப்பாடு."

பாத்திரங்களை ஏற்ற ஒரு மாட்டுவண்டி பிடித்தோம். நாங்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் ஒரு அம்மாள் வாசலுக்கு ஓடிவந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஐயையோ, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார். நான் செயலாளரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் எரிந்திருக்கவேண்டும்.

பெண்கள் அவரவர் வாசலிலேயே நின்றார்கள். கிட்டே ஒருவரும் வரவில்லை. பதினொரு ஆண்பிள்ளைகள், கையில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு, வெயிலில் அசடு வழிய நின்றோம். நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. எனக்கு அதில் துளிகூடச் சந்தோஷம் இல்லை. அந்தப் பெண் இதைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளேயிருந்து மெல்ல வெளியே வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். வயிற்றைத் தவிர உடம்பில் வேறெங்கும் சதை இல்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இதுல எங்கண்ணன் யாரு?" என்றாள்.

பத்துப் பேரும் என்னைக் காட்டினார்கள். அவள் நேரே என்னிடம் வந்து வளையல் தட்டை வாங்கிக்கொண்டாள். "வாங்கண்ணே. ஏன் வெளியிலயே நிக்கிறீங்க?" என்று, தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். உடன்பிறந்த தங்கை எனக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நெஞ்சில் கை வைத்த அந்த அம்மாளே முதலில் சந்தனம் பூசி, முதல் வளையலையும் போட்டார். ஐந்து வகைச் சோறும் காலியானது. தேங்காய்ச் சோறு ஆக்கியது யார் என்று கேட்டுப் பாராட்டினார்கள். இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். எல்லாம் அட்டவணைப்படி முடிந்து, காலிப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றி, 11.30 புறப்பாட்டுக்குத் தயாரானோம்.

அப்போது அவள் ஒரு துணி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டு எங்கள் வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள். பெண்களெல்லாம் வழியனுப்ப வரிசையாக நின்றார்கள்.

எங்கள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டார் பிரசவத்துக்கு அழைத்துப் போகவேண்டும். அதற்காகத்தானே அவர்கள் வருவதே! பால்மணம் மாறாத பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த அந்த விஷயம் படித்த பதினொரு தடியன்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அத்துபடி என்று சொன்ன நண்பரை நான் முறைத்தேன்.

"அக்காங்க எப்பவும் எங்க வீட்டுக்குத்தான வருவாங்க" என்று அவர் காதோடு முனகினார். "சும்மா தங்க வர்றாங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

செயலாளர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கமிட்டியில பேசவேண்டிய விஷயம். ஒரு அவசரக் கூட்டம் போட்டு..." என்று ஆரம்பித்தார்.

அவள் முகம் மாறத் தொடங்கியது. மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரும்பி உள்ளே போகலாமா என்று அவள் கால் யோசித்தது எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"என்னய்யா கூட்டம்? என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறதுக்கு எனக்குக் கூட்டம் வேணுமா?" என்று கத்திவிட்டு, அவள் மூட்டையை வாங்கி வண்டியில் வைத்தேன். "ஏறும்மா. பாத்து ஏறு." அவள் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முதலில் சந்தனம் பூசிய அம்மாள் எங்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு, அன்றிரவு துணைக்குத் தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். நாங்கள் ஐந்து பேரும் வீட்டைக் காலி செய்து சங்க அறைக்குப் போனோம். மறுநாள் முதல் ரயிலில் நண்பர் கிள்ளானுக்குப் போய்த் தன் பெரிய அக்காவைக் கையோடு அழைத்து வந்தார்.

அந்த அக்கா வந்தபிறகுதான் எங்களுக்கு ஒழுங்கு என்றால் என்னவென்று புரிந்தது. தண்ணீர் தூக்க ஒருவர், விறகு பிளக்க ஒருவர், காய்கறி வாங்கப் பாசாருக்கு ஒருவர் என்று அவரே முறை போட்டார். செயலாளர் டைப் அடித்துத் தருவதாகச் சொன்னார். அக்கா அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார். அந்திக்கு அவரே அந்தப் பெண்ணின் சாமி விளக்கை ஏற்றி வைப்பார். பிறகு தன் ஜெபமாலையோடு அதே விளக்குக்குப் பக்கத்தில் உட்காருவார். அவள் சாப்பிட ஆரம்பித்தாள். கன்னத்தில் சதை பிடித்தது. நாங்கள் ஆபீஸ் விட்டு வரும்போது, "அண்ணே, இன்னிக்கி ஏன் லேட்டு?" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று எங்களையே விசாரித்தாள்.

வலி எடுத்தது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் பிள்ளை வரவில்லை. ஆபீஸில் உட்கார முடியாமல் வந்துவிட்டேன். வாசலில் ஏற்கெனவே ஆறேழு பேர் நின்றார்கள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது; கொஞ்சநேரத்தில் அதுவும் நின்றுபோயிற்று. நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு வாசலில் நின்றால் என்ன அர்த்தம் என்று திடீரென்று எனக்கு நினைவு வந்தது. "எல்லாரும் தள்ளிப் போய் நில்லுங்கய்யா, கூட்டமா நிக்காதீங்க" என்று அவர்களை ரோட்டு ஓரத்துக்குப் பிடித்துத் தள்ளினேன். நான்கு பேருக்குக் கொள்ளி வைத்தவன், அன்றைக்குத்தான் சாவுக்குப் பயந்தேன்.

பிறகு குழந்தை அழுதது. அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. மாமன்காரங்க எல்லாம் மொதல்ல போயி மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றார். செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம், கணவர் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போனார். அக்கா கிள்ளானுக்குத் திரும்பினார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வீடு வெறிச்சென்று கிடந்தது.

அதற்கு மறுவருஷம், ஒரு மாதாந்தரக் கூட்டத்தில் செயலாளர் தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் காலடிச் சத்தம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கணவரோடு பெரிய சண்டையாம்.

"வீடு பூட்டிக் கெடக்குது. சாவி யாருகிட்ட?" என்றாள்.

செயலாளர் தீர்மானத்தைக் கையில் பிடித்தபடியே, "என்னம்மா இது? வர்றேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?" என்றார்.

அவள் குழந்தையைத் தூக்கி என் மடியில் உட்கார வைத்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன்? பொறந்த வீட்டுக்கு வர்றதுக்கு யாராச்சும் சொல்லிட்டா வருவாங்க?"