பதினொரு வேப்பிலைகள்

கணினி பழுதுபார்க்க வந்தவர், "வைரஸ் பூந்துகினு கீது சார்" என்றார். லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு. வடமொழியின் விஷமும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. இதை அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். தங்கை சரசுவின் நினைவு வந்துவிட்டது.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. தாம்பரம் வீட்டுக் கொல்லையில் விறகெடுக்கப் போனவளைப் பாம்பு கடித்துவிட்டது. அப்பா வேப்பிலை பறித்துவந்து ஒவ்வொன்றாக ஊட்டினார். கசந்தால் விஷம் ஏறவில்லை என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை.

"கசக்குதாம்மா?"

"கசக்குதுப்பா, போதும்!"

பக்கத்து வீட்டு காதர் பாய் பதறினார். "ஜஹர் ஏறிடும் சார்! ஜட்கா கொண்டாரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"அதான் கசக்குதுங்குறாளே பாய்!"

நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பதினொரு இலைகள். பன்னிரண்டாவதற்கு அவள் வாய் திறக்கவில்லை. வேம்பு கசக்காமல் வேறென்ன செய்யும்? ஒருவருக்கும் தோன்றவில்லையே!

"இன்னொரு தபா செக் பண்ணிப் பாத்துடலாமா சார்?" என்று கேட்டார் கணினிக்காரர்.

"செக்கெல்லாம் வேண்டாம், முதல்ல அதை எடுய்யா!" என்று கத்தினேன். அந்த மனிதர் மிரண்டுபோய்ப் பார்த்தார்.