மிதிக்கக் கூடாத கல்

ஜெர்மனியின் எல்பெ நதியில் மூடுபனி இறங்கும் காலைகளில் டிரெஸ்டன் நகரம் இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல முடியாது. மேட்டு வீட்டின் சமையலறை ஜன்னலில் ரோஸ்வீட்டா பெட்சோல்ட் காப்பியோடு நிற்பாள். வெண்மைக்குள்ளிருந்து நீராவிப் படகு ஒருமுறை ஊதும். பிறகு மாதா கோயிலின் குவிமாடம் மட்டும் தனியாக மிதந்து வரும். அறுபது வருடத்துக்கு முன் போரில் கல்மேடாகிப்போன கோயில் அது. போன இலையுதிர் காலத்தில்தான் எழுந்து நின்றது.

மாடியறைகள் இரண்டையும் அவள் பயணிகளுக்கு விட்டிருந்தாள். ஊரைச் சுற்றி வந்தவர்கள் காலைச் சாப்பாட்டில் அதைக் கதை கதையாக அளப்பார்கள். ஒருத்தி அழுதாளாம். இன்னொருவர் இங்கே போரே நடந்திருக்காது என்று அடித்துச் சொன்னார். ஐம்பத்தெட்டு வருடம் இந்த ஊரிலேயே கிடப்பவளுக்கு, அவர்கள் பார்த்த ஊரைக் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும்.

போர்த்துகலிலிருந்து வந்திருந்த டுவார்த்தே என்ற வாத்தியார்தான் அந்த ஆசையில் மண்ணைப் போட்டார்.

"கனவுல நடந்த மாதிரியே இருந்துச்சும்மா. கோயில் சுவர்ல கறுப்புக் கல்லெல்லாம் பழசாமே? வெள்ளைக் கல்லைப் பாக்கப் பாக்கத்தான் வயிறு எரிஞ்சுது. பழைய கல் கிடைக்காத இடமாம். எவன் தூக்கிட்டுப் போனானோ!"

சொல்லிவிட்டுத் தோட்டத்துக் கதவைத் திறந்து, வாசலில் கிடந்த கறுத்த கல்லின்மேல் காலை வைத்து இறங்கிப் போனார். ரோஸ்வீட்டாவுக்குத் தன் நெஞ்சை மிதித்தாற்போல் இருந்தது.

அந்தக் கல்லை அவள் அப்பா குர்ட் கொண்டுவந்தார். சிறைமுகாமிலிருந்து திரும்பியதும் கோயிலைச் சுற்றி இடிபாடு அள்ளும் வேலை பார்த்தவர், ஒருநாள் அதைக் கைவண்டியில் ஏற்றிப் பாலம் தாண்டித் தள்ளி வந்தாராம். சாகும்வரை அவர் அதை மிதித்ததில்லை. நெட்டைக் காலை வீசித் தாண்டித்தான் போவார். அவளும் அப்படியே தாண்டிப் பழகிவிட்டாள். "எங்கேருந்துப்பா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கோயில் கல், திருட்டுக் கல் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். ஊரே கல் கல்லாகப் பொறுக்கிக் கோயில் கட்டியபோதும் வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. அப்பா பெயர் கெட்டுவிடுமே!

அன்று மதியம் அவள் எக்கெஹார்டுக்கு ஆள் அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் அவள் சடையை இழுத்தவன்; கோயில் வேலையில் பன்னிரண்டு வருடம் உளி பிடித்த கல்தச்சன். கடப்பாரையோடு வந்தான்.

"என்னடி ரோஸி, கொலை பண்ணிப் புதைச்ச மாதிரி மூஞ்சி?"

"கிண்டலை விடு. இது கோயில் கல். எடுத்துட்டுப் போய்க் குடுத்துரு. அப்பா பேரை மட்டும் சொல்லிராத."

அவன் குனிந்து கல்லைத் தடவினான். சிரித்தான். "கோயில் கல்லாவது! இத்துணூண்டு கனத்துல அங்க ஒண்ணுகூட கிடையாது. உங்கப்பா இதைக் கவுத்துல்ல போட்டிருக்காரு. தள்ளு, புரட்டிப் பாக்கலாம்."

கல் புரண்டது. மண்புழுக்கள் நெளிந்து ஓடின. நடுவில் ஆழமாகத் தேய்ந்திருந்த வாசற்படி அது. எக்கெஹார்ட் கையால் மண்ணை வழித்தான். ஓரத்தில் எழுத்துகள் தெரிந்தன: பெட்சோல்ட், ரொட்டிக்கடை, 1911.

அவன் தொப்பியைக் கழற்றினான்.

அப்பாவுக்கு ஒரு ரொட்டிக்கடை வீடு இருந்ததும், அவருடைய அப்பாவும் அம்மாவும் தங்கையும் போரில் ஊர்மேல் குண்டு விழுந்த அந்தப் பிப்ரவரி நெருப்பில் அங்கேயே போனதும் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. மிச்சமிருந்த ஒரே படியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பார்க்கவும் முடியாமல், விடவும் முடியாமல் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். இத்தனை வருடமும் அந்த மனிதரைத் திருடன் என்று நினைத்திருந்தோமே என்று ரோஸ்வீட்டா மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"கொண்டு போகவா?" என்றான் எக்கெஹார்ட் மெதுவாக.

"போடா. நிமித்திப் போடு."

மறுநாளும் மூடுபனி. டுவார்த்தே தோட்டத்துக் கதவைத் திறந்தவர், கழுவித் துடைத்த எழுத்துகளைப் பார்த்ததும் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார்.

"ஐயோ, பழைய கல்லாச்சே! தாண்டிப் போயிடறேன்."

"வேணாம், மிதிச்சு வாங்க," என்றாள் ரோஸ்வீட்டா. "ஜனங்க வந்து வந்துதான் அது அப்படிக் குழிஞ்சிருக்கு."

அவர் இறங்கியதும் அவளும் காலணியைக் கழற்றிவிட்டு, முதல்முறையாக அந்தப் படியில் கால் வைத்தாள். கல் சில்லென்றிருந்தது.