வாய்வு என்று நான் தேய்த்த தைலம்

எண்பதுகளின் தொடக்கம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, குளத்தூர் பக்கம் எங்கள் வீடு. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்லாம் தெரிந்தவள் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்த காலம்.

மூன்று வருஷம் கழித்து அண்ணன் கல்ஃபிலிருந்து வருகிறார்! கல்ஃப்காரர் பெட்டி பிரிக்கிறார் என்றால் எங்கள் ஊரில் மற்ற விசேஷமெல்லாம் அதற்குப் பிறகுதான். காலையிலேயே அக்கம்பக்கத்தார் வந்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அடுப்பில் கொதிக்க, நானும் மைனியும் (அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம்) நிமிஷத்துக்கு ஒருமுறை ரோட்டைப் பார்த்தோம்.

பத்து மணிக்கு டாக்சி ஹாரன் கேட்டது. எங்கள் வீடு நிற்கிற பத்து சென்ட், நிலச் சீர்திருத்தத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது. மண் சொந்தமானதே தவிர, கார் வர வழி கிடையாது. ரோட்டில் இறங்கி, வாழைத் தோட்டத்து வரப்பில் நடந்துதான் வரவேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தை டிரைவர் பிடிக்க, மறுபக்கத்தை, எவ்வளவு சொல்லியும் கேட்காமல், அண்ணனே தூக்கிக்கொண்டு வந்தார்.

பெட்டியை இறக்கியதும் நெஞ்சைத் தடவினார். “நெஞ்சில ஒரு பாரம் ஏறி இருக்குத மாதிரி உண்டு மக்கா” என்றார்.

“பிளேன்ல கண்டதையும் தின்னுருப்பிய. வாய்வாக்கும்” என்றேன் நான்.

கூட்டமே ஆமாம் என்றது. நாற்பது வயதுகூட ஆகாத மனுஷனுக்கு வேறென்ன இருக்கும்? அவர் கைப்பையிலேயே கல்ஃப் தைலக் குப்பி இருந்தது. எங்கள் ஊரில் தலைவலி, கால்வலி, பூச்சிக்கடி எல்லாவற்றுக்கும் அதுதான். நானே நெஞ்சில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டேன். இஞ்சிச் சாறும் கொடுத்தேன். அவர் எனக்காகவே சிரித்தார். மூன்று வருஷமாகக் காத்திருந்த நாளைக் கெடுக்க அவருக்கும் மனசில்லை, எங்களுக்கும் மனசில்லை. அதுதான் உண்மை.

தனி அட்டைப்பெட்டியில் ஒரு மேஜை விசிறி கொண்டுவந்திருந்தார். அதை முதலில் எடுத்து அவருக்கு நேரே வைத்து ஓடவிட்டோம். “ஆகா, என்னா காத்து!” என்று எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு பெரிய பெட்டியின் கயிற்றை அறுக்க அண்ணனிடம் கத்தியைக் கொடுத்தேன். அவர் இடதுகைக்காரர். கத்தி கையில் நிற்கவில்லை, நழுவி விழுந்தது. இன்னொரு முறை கொடுத்தேன், மறுபடி விழுந்தது.

கல்ஃப்காரரைக் கொண்டுவந்த டிரைவருக்குச் சாப்பாடு போட்டு, பெட்டியிலிருந்து ஒரு சோப்பாவது கொடுத்து அனுப்புவது எங்கள் வழக்கம். அதற்காக அவர் வாசலில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனவர், அப்படியே எழுந்து உள்ளே வந்தார்.

“சேட்டா, கை வலிக்குதா?”

“தோள்ல இருந்து கடையுது. தாடையும் சேர்ந்து வலிக்குது” என்றார் அண்ணன்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். “இத்தற காத்துல தைலமும் தேச்சிட்டு ஒரு மனுஷனுக்குக் குளுரணும். இவருக்கு வேர்த்து, சட்டை பிழிஞ்சா வெள்ளம் வரும். இது வாய்வு இல்ல கேட்டியளா. இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்.”

அப்போதுதான் நான் அண்ணன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். சாம்பல் பூத்திருந்தது.

அண்ணன் எழுந்து நடக்கப் பார்த்தார். “நடக்கப்படாது!” என்று அதட்டி, நாற்காலியோடு தூக்கச் சொன்னார் டிரைவர். பெட்டி பார்க்க வந்த நாலு பேர் அண்ணனை நாற்காலியோடு சுமந்து வரப்பில் ஓடினார்கள்! வாழையிலை முகத்தில் அடிக்க, மைனி பின்னால் அழுதுகொண்டே ஓடிவந்தாள். நான் கையில் கிடைத்த புது வெளிநாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன்.

நட்டநடுப் பகலில் முன்விளக்கைப் போட்டு, ஹாரனிலிருந்து கையெடுக்காமல் அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டித் துண்டை வீசிக்கொண்டே கத்தினேன். பஸ்கள் ஒதுங்கின, மாட்டுவண்டி ஓடையில் இறங்கி வழிவிட்டது. நடுவே டிரைவர் தணிந்த குரலில் சொன்னார்: “போன மாசம் இதுபோல ஒருத்தரு வாய்வுன்னு சொன்னாரு. நானும் நம்பி வீட்டுல இறக்கி விட்டேன். மறுநாளு அந்த வீட்டுல பந்தல் போட்டிருந்து.”

அதற்குப் பிறகு நான் இன்னும் வேகமாக வீசினேன்.

நெய்யாற்றின்கரையில் பார்த்த டாக்டர் மாரடைப்பு என்றார். ஊசி போட்டு உடனே திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். “சாப்பிட்டுப் படுத்தா சரியாயிடும்னு விட்டிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டார்” என்று அவர் சொன்னபோது, என் உள்ளங்கையில் இன்னும் தைல வாசனை இருந்தது. வெட்கத்தில் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அந்தப் பெட்டி கயிறு அவிழாமல் கூடத்தில் கிடந்தது. யாரும் தொடவில்லை. அண்ணனைத் திரும்பக் கொண்டுவந்ததும் அதே டிரைவர்தான். பெட்டியிலிருந்து என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். அவர் சிரித்தார். “அண்ணைக்கு வச்ச சோறு உண்டா? ஒரு உருண்டைகூட இறங்கேல்ல.” மைனி அழுதுகொண்டே பரிமாறினாள். நான் மீன்துண்டாகப் பொறுக்கி அவர் இலையில் வைத்தேன்.

எல்லாம் தெரிந்தவள் பட்டத்தை அன்றே துறந்துவிட்டேன். இப்போது யாராவது நெஞ்சில் பாரம் என்றால் தைலத்தைத் தேடமாட்டேன், “வாய்வா இல்லையான்னு டாக்டர் சொல்லட்டும்” என்று வண்டி பிடிக்க ஓடுவேன். பல தடவை அது வெறும் வாய்வாகவே இருந்து, ஊர் என்னைக் கேலி செய்திருக்கிறது. எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர் என் அண்ணன்தான். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் நான் அசடாகத் தயார்.